சுவான் ஜாவ் ரென் தாங்: இரண்டு ஷெங் என்றால் எத்தனை கிராம்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சிங்கப்பூரில் இருக்கும் கல்லூரி நண்பன் ஒரு படம் அனுப்பினான். சீன மருந்துக் கடையில் வாங்கிய பாக்கெட். கூட வேலை பார்க்கும் சீன நண்பர் சிபாரிசு செய்தாராம். "மச்சான், ரெண்டாயிரம் வருஷமா ஜனங்க குடிச்சுப் பாத்த கஷாயம்டா இது. தூக்கத்துக்கும் படபடப்புக்கும். இனிமே அந்த மாத்திரைய நிறுத்திடலாம்னு இருக்கேன்."

அந்த மாத்திரை குளோனாசெபாம். எட்டு மாதமாகச் சாப்பிடுகிறான்.

முதலில் எழுதிய பதில் ஒரே வரி: "மாத்திரைய மட்டும் நீயா நிறுத்தாத, டாக்டர்ட்ட கேளு." பென்சோடயசெபீன் வகை மாத்திரைகளை மாதக்கணக்கில் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் தூக்கமின்மையும் படபடப்பும் முன்பைவிட மோசமாகத் திரும்பும், சிலருக்கு வலிப்பே வரும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் வெளியே வரணும். இதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

ஆனால் அவன் சொன்ன "ரெண்டாயிரம் வருஷம்" மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த வாதத்தைச் சும்மா தள்ளிவிட எனக்கு மனசில்லை. ஒரு விஷயத்தை இத்தனை தலைமுறை பயன்படுத்தியிருக்கிறார்கள் என்றால் அதுவும் ஒரு தகவல்தானே. சரி, எதைப் பயன்படுத்தினார்கள் என்று பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். மூன்று வாரம் போனது. அதன் குறிப்புகள்தான் இவை.

பெயரிலிருந்து தொடங்கலாம். சுவான் என்றால் புளிப்பு. ஜாவ் என்பது இலந்தைக் குடும்பத்துப் பழம். ரென் என்பது கொட்டைக்குள் இருக்கும் பருப்பு. தாங் என்றால் கஷாயம். வடசீனத்தில் வளரும் முள் நிறைந்த காட்டு இலந்தை ஒன்றின் பருப்புதான் இதில் தலைமைச் சரக்கு. கூட நான்கு: பைன் மரவேரில் வளரும் ஃபூலிங் என்ற பூஞ்சை, ஜிமூ என்ற கிழங்கு, சுவான்ஷியோங் என்ற வேர், அதிமதுரம். மொத்தம் ஐந்தே சரக்கு. சீன மருத்துவ அளவில் இது ரொம்பச் சின்ன யோகம்.

எழுதியவர் ஜாங் ஜொங்ஜிங், கிழக்கு ஹான் காலத்தின் கடைசியில், அதாவது கி.பி. 200-ஐ ஒட்டி வாழ்ந்தவர். நூல் 'ஜின் குய் யாவ் லுவே'. உடம்பு தேய்ந்துபோய், உள்ளே வெறுமையான ஒரு தவிப்போடு தூக்கம் வராமல் கிடப்பவருக்கு இந்தக் கஷாயம் என்று அங்கே வருகிறது. தூக்கம் வராத எல்லோருக்கும் என்று அவர் சொல்லவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அந்த நூலுக்கே ஒரு கதை உண்டு. நூற்றாண்டுக் கணக்கில் அது புழக்கத்தில் தனி நூலாக இல்லை. சோங் காலத்தில், 11-ஆம் நூற்றாண்டில், அரண்மனை நூலகத்தில் பூச்சி அரித்த பழஞ்சுவடிகளுக்கு நடுவில் வாங் ஜூ என்ற அறிஞர் அதைக் கண்டெடுத்தார். பிறகு அரசின் மருத்துவநூல் திருத்தப் பணியகம் பதிப்பித்தது. இன்று நம் கையில் இருப்பது அந்தப் பதிப்பின் வழி வந்தது. இந்தக் கஷாயத்துக்குக் கீழேயே ஒரு சின்னக் குறிப்பு இருக்கிறது: இன்னொரு ஆசிரியரின் பாடத்தில் இரண்டு லியாங் இஞ்சி சேரும் என்று. 7-ஆம் நூற்றாண்டின் சுன் சிமியாவ் இலந்தைக் கஷாயம் என்ற அதே பெயரில் தருவதில் ஜின்செங்கும் லவங்கப்பட்டை வகையும் ஜிப்சமும் வருகின்றன. ஆக ஆரம்பத்திலிருந்தே ஒரே பெயரில் பல வடிவங்கள். இதில் தப்பு ஒன்றும் இல்லை. நம்ம வீட்டு ரசத்துக்கும் அப்படித்தான்.

எனக்கு உண்மையில் உதைத்தது அளவு.

மூலத்தில் அளவு இப்படி: இலந்தைப் பருப்பு 2 ஷெங். அதிமதுரம் 1 லியாங். ஜிமூ, ஃபூலிங், சுவான்ஷியோங் தலா 2 லியாங். எட்டு ஷெங் தண்ணீரில் பருப்பை மட்டும் முதலில் கொதிக்கவைத்து ஆறு ஷெங் ஆக்கி, பிறகு மற்றதைப் போட்டு மூன்று ஷெங்காகச் சுண்டக் காய்ச்சி, மூன்று வேளையாக வெதுவெதுப்பாகக் குடிக்கணும்.

கவனித்தீர்களா? பருப்புக்குக் கொள்ளளவு, மற்றதுக்கு எடை. நம் பழைய குறிப்புகளில் அரிசி ஆழாக்கிலும் மிளகு பலத்திலும் வருமே, அதே மாதிரி. ஷெங் என்பது படி வகை, லியாங் என்பது எடை.

இவற்றின் மதிப்பு இன்று ஊகம் இல்லை. வாங் மாங் ஆட்சியில் கி.பி. 9-இல் வார்த்த வெண்கல முகத்தலளவை தைபெய் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன்படி ஒரு ஷெங் சுமார் 200 மில்லி. நம் ஆழாக்கைவிடக் கொஞ்சம் பெரிது. கி.பி. 179-ஐச் சேர்ந்த அரசு வெண்கல எடைக்கல் ஒன்று 2996 கிராம் நிற்கிறது. அது 12 ஜின். ஒரு ஜின்னுக்கு 16 லியாங். வகுத்துப் பார்த்தால் ஒரு லியாங் 15.6 கிராம். வேறு சான்றுகளை வைத்து 13.8 என்பவர்களும் உண்டு. நான் 15 என்று எடுத்துக்கொள்கிறேன்.

அப்படியானால் அதிமதுரம் 15 கிராம், மற்ற மூன்றும் தலா 30. நான்கும் சேர்த்து 105 கிராம். இலந்தைப் பருப்பு 400 மில்லி. ஒரு ஷெங் பருப்பு சுமார் 110 கிராம் நிற்கும் என்று வைத்தால் 220 கிராம். மொத்தம் 325 கிராம் சரக்கு, 1.6 லிட்டர் தண்ணீரில், 600 மில்லியாகச் சுண்டுகிறது. நம்ப முடியாத அளவு இல்லை. நல்ல கெட்டிக் கஷாயம், அவ்ளோதான்.

இப்போது இன்றைய சீன மருத்துவக் கல்லூரிப் பாடநூலைத் திறந்தால் அதே கஷாயம்: இலந்தைப் பருப்பு 15 கிராம், அதிமதுரம் 3, மற்ற மூன்றும் தலா 6. மொத்தம் 36 கிராம்.

325 எங்கே, 36 எங்கே?

இந்தச் சுருக்கம் எங்கே நடந்தது என்பதற்கு ஒரு முக்கியமான தடயம் லி ஷிஜென். 1596-இல் வெளிவந்த அவருடைய பெரிய மருந்துப்பொருள் தொகுப்பில், பழைய ஒரு லியாங்குக்கு இன்றைக்கு ஒரு ச்சியென் போட்டால் போதும் என்கிறார். ச்சியென் என்பது லியாங்கில் பத்தில் ஒரு பங்கு. பின்னால் 1979-இல் சீனா மருந்து அளவுகளை மெட்ரிக்குக்கு மாற்றியபோது ஒரு ச்சியென் 3 கிராம் என்று ஆனது. ஆக ஹான் காலத்து 15 கிராம், பாடநூலில் 3 கிராம். ஐந்தில் ஒன்று. அதிமதுரம் 15-லிருந்து 3, மற்றவை 30-லிருந்து 6. கணக்குச் சரியாகப் பொருந்துகிறது.

பருப்பு மட்டும் பொருந்தவில்லை. அதுவும் ஐந்தில் ஒன்றாகச் சுருங்கியிருந்தால் 44 கிராம் இருக்கணும். இருப்பதோ 15. எடையில் சொன்னவை ஐந்து மடங்கு குறைந்தன. படியில் சொன்ன தலைமைச் சரக்கு பதினைந்து மடங்கு குறைந்துவிட்டது. மூலத்தில் மூன்றில் இரண்டு பங்கு இலந்தைப் பருப்பு. பாடநூலில் பாதிகூட இல்லை, 42 சதவீதம்தான்.

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது பழகிய வலி. இரண்டு அலகுகளில் உள்ள தரவை ஒரே மாற்று விகிதத்தில் மாற்றினாலே பிழை வரும். இங்கே ஒரு புலத்துக்கு ஒரு விகிதம், இன்னொரு புலத்துக்கு வேறு விகிதம். கோப்பின் பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை.

அளவைக் குறைத்தவர்கள் முட்டாள்கள் இல்லை. இலந்தைப் பருப்பு விலை உயர்ந்த சரக்கு. பாதுகாப்பும் ஒரு காரணமாக இருக்கலாம். அதிமதுரத்தையே பாருங்கள். சீன மருந்துத் தரநூலின்படி அதில் குறைந்தது 2 சதவீதம் கிளைசிரைசின் அமிலம் இருக்கணும். 3 கிராமில் அது 60 மில்லிகிராம். 15 கிராமில் 300. ஐரோப்பிய உணவுக் குழு 2003-இல் சொன்ன தினசரி உச்சவரம்பு 100 மில்லிகிராம். அதற்கு மேல் தொடர்ந்து போனால் பொட்டாசியம் குறைந்து ரத்த அழுத்தம் ஏறும். அதனால் இதைப் படித்துவிட்டு யாரும் 325 கிராம் வாங்கிக் காய்ச்சிவிடாதீர்கள். பழைய அளவு என்பதாலேயே அது சரியான அளவு ஆகிவிடாது.

நான் சொல்வது இவ்வளவுதான்: 1800 வருட அனுபவம் என்ற சான்றிதழ் 325 கிராம் கஷாயத்துக்குக் கொடுத்தது. அதை 36 கிராம் கஷாயத்தின் மேல் ஒட்ட முடியாது.

"அளவு குறைந்தாலும் வேலை செய்யலாமே?" செய்யலாம். அதற்கு ஆய்வுகளைத்தான் பார்க்கணும்.

பருப்பில் ஜுஜுபோசைடு என்ற சபோனின்களும் ஸ்பினோசின் என்ற ஃபிளேவனாய்டும் இருக்கின்றன. எலிகளில் ஸ்பினோசின், பென்டோபார்பிட்டால் தரும் தூக்கத்தை நீட்டுகிறது. செரோட்டோனின் வழியாக என்று தெரிகிறது. அந்தச் சோதனைகளில் வாய்வழி அளவு கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை. எலி அளவை மனித அளவாக்கும் வழக்கமான உடல்பரப்புக் கணக்கில் 12.3-ஆல் வகுத்தால், 60 கிலோ ஆளுக்கு சுமார் 73 மில்லிகிராம். தரநூலின்படி பருப்பில் ஸ்பினோசின் குறைந்தது 0.08 சதவீதம் இருக்கணும். பாடநூலின் 15 கிராமில் 12 மில்லிகிராம். ஜாங் ஜொங்ஜிங்கின் 220 கிராமில் 176; மூன்று வேளைக்குப் பிரித்தால் வேளைக்கு 58-59.

இந்த எண் வந்தபோது நான் கொஞ்ச நேரம் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். கிழவர் போட்ட அளவு எலிச் சோதனையின் பக்கத்தில் வந்து நிற்கிறது. இன்றைய பாடநூல் அளவு ஆறில் ஒரு பங்குதான். இதில் ஓட்டைகள் நிறைய. எலி மனிதன் இல்லை, கொதிக்கும்போது எல்லாம் தண்ணீரில் இறங்காது, 0.08 என்பது குறைந்தபட்ச எல்லைதான், தூக்கத்துக்கு ஸ்பினோசின் மட்டுமே காரணம் என்றும் இல்லை. நிரூபணம் என்று இதைச் சொல்லமாட்டேன். ஆனால் எலிச் சோதனையைக் காட்டி பாக்கெட்டை விற்பவர்கள் இந்த வகுத்தல் கணக்கையாவது போட்டுக் காட்டணும்.

மனிதர்களிடம் நடந்தவை? 1986-இல் படபடப்பு நோயாளிகளிடம் இதை டயசெபாமோடு ஒப்பிட்ட ஒரு ஆய்வு வந்தது. இந்த மருந்து 250 மில்லிகிராம் மூன்று வேளை, டயசெபாம் 2 மில்லிகிராம் மூன்று வேளை. பலன் கிட்டத்தட்ட சமம் என்றார்கள். சாறாக்கிய மருந்தானாலும் ஒரு நாளைக்கு முக்கால் கிராம்! 325, 36, இப்போது 0.75. மூன்றுக்கும் ஒரே பெயர்.

2013-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, தூக்கமின்மைக்கு இதைச் சோதித்த 12 ஆய்வுகளை, 1376 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தது. பெரும்பாலானவை இது பென்சோடயசெபீன்களைவிட மேல் என்றன. ஆனால் ஆய்வுத் தரத்துக்கான 8 மதிப்பெண்ணில் எதுவும் 3-ஐத் தாண்டவில்லை. தொகுத்தவர்களே இதைச் சொல்லிவிட்டார்கள், மறைக்கவில்லை. நியாயமாக இருந்தால் முடிவு அங்கேயே நின்றிருக்கணும். விளம்பரங்களில் நின்றதா? "மாத்திரையைவிட மேல்" என்ற பாதி மட்டும் பயணம் செய்கிறது. கசப்பான கஷாயத்தை ஒரு பக்கமும் சின்ன மாத்திரையை இன்னொரு பக்கமும் வைத்தால் யார் எதைக் குடிக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். தூங்கினீர்களா என்று கேட்டு எழுதும் ஆய்வில் இது சின்ன விஷயம் இல்லை.

நல்ல ஆய்வே இல்லை என்றும் சொல்லமாட்டேன். 2015-இல் தைவானில் இருந்து வந்த ஒன்று, போதைப் பழக்கத்திலிருந்து மீள மெதடோன் எடுக்கும் 90 பேரிடம் நான்கு வாரம், இருபக்கமும் மறைத்து, போலி மருந்தோடு ஒப்பிட்டுச் செய்தது. தூக்க மதிப்பெண் மேம்பட்டது. முறையாகச் செய்த வேலை. ஆனால் மெதடோன் எடுப்பவரின் தூக்கமும், இரவு பதினோரு மணி மீட்டிங் முடித்துவிட்டு மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும் என் நண்பனின் தூக்கமும் ஒன்றா?

இங்கே சீன மருத்துவர்கள் ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வைப்பார்கள். "நாங்க நோய்க்கு மருந்து கொடுப்பதில்லை, ஆளின் நிலைக்குக் கொடுக்கிறோம். அளவையும் சரக்கையும் ஆளுக்குத் தக்க மாற்றுவோம். எல்லாத் தூக்கமின்மைக்கும் ஒரே கஷாயத்தைச் சோதித்தது நீங்க செய்த தப்பு." முன்னால் நினைவில் வைக்கச் சொன்ன அந்த வெறுமையான தவிப்பு இங்கேதான் வருகிறது. மூலநூல் அவர்கள் பக்கம்தான் பேசுகிறது. நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்த வாதம் வைத்தியரைக் காப்பாற்றும், பாக்கெட்டைக் காப்பாற்றாது. கடையில் அடுக்கி வைத்திருக்கும் பாக்கெட் யாருடைய நாடியையும் பார்க்கவில்லை. தைவானின் 2002-ஆம் ஆண்டு காப்பீட்டுத் தரவில் தூக்கமின்மைக்கு அதிகமாக எழுதிய சீன யோகம் இதுதான். அங்கேயாவது எழுதிக் கொடுக்க ஒரு வைத்தியர் இருந்தார்.

கடைசியாக, பாக்கெட்டுக்குள் இருப்பது பெயரில் உள்ள சரக்குதானா? இலந்தைப் பருப்பின் விலையால் அதில் கலப்படம் நெடுங்காலமாக நடக்கிறது. அதிகம் கலப்பது எது தெரியுமா? யுன்னான், மியான்மர் பக்கத்திலிருந்து வரும் நம்ம ஊர் இலந்தையின் பருப்பு. பள்ளிக்கூட வாசலில் உப்பு மிளகாய்த்தூளோடு தின்றோமே, அதே இனம். பார்க்க ஒரே மாதிரி இருக்கும். வேதிச் சேர்க்கை வேறு.

இலந்தை மாறினால் பெரிய ஆபத்து இல்லாமல் போகலாம். எல்லா மாற்றமும் அப்படி இல்லை. 'ஜின் பு ஹுவான்' என்ற இன்னொரு சீன மாத்திரை, வலிக்கும் தூக்கத்துக்கும் என்று அமெரிக்காவில் விற்றார்கள். 1993-இல் கொலராடோவில் மூன்று குழந்தைகள் தெரியாமல் விழுங்கி, இதயத் துடிப்பும் மூச்சும் அபாயமாகக் குறைந்தன. 1994-இல் ஏழு பெரியவர்களுக்குக் கல்லீரல் அழற்சி வந்ததாக மருத்துவ இதழில் அறிக்கை வந்தது. உறையில் ஒரு செடியின் பெயர் இருந்தது. மாத்திரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்ததோ அந்தச் செடியில் கிடைக்காத ஒரு ஆல்கலாய்டு. நம் கஷாயத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. உறையில் உள்ள பெயரை நம்பி மாத்திரையை நிறுத்துவது எப்படிப்பட்ட முடிவு என்பதற்காகச் சொல்கிறேன்.

இத்தனையும் சுருக்கி நண்பனுக்கு அனுப்பினேன். அரை மணி கழித்து போன் செய்தான். "டேய், நான் கேட்டது குடிக்கலாமா வேணாமான்னு. நீ வெண்கல எடைக்கல்லுக்குப் போயிட்ட."

சிரிப்பு வந்தது. "பாக்கெட் பின்னாடி ஒவ்வொரு சரக்கும் எத்தனை கிராம்னு போட்டிருக்கா பாரு" என்றேன். பார்த்தான். ஐந்து பெயரும் இருந்தது. கிராம் இல்லை.

"அப்ப என்னத்த ரெண்டாயிரம் வருஷம்?" என்றான் அவனே.

அடுத்த வாரம் பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனான். ஏற்கெனவே மயக்கம் தரும் மாத்திரையோடு இன்னொரு மயக்க மருந்தைச் சேர்க்க வேண்டாம், முதலில் மாத்திரையை மெதுவாகக் குறைப்போம் என்று வாரவாரியாக ஒரு அட்டவணை போட்டுக் கொடுத்திருக்கிறார். தூக்கத்துக்கான நடத்தைச் சிகிச்சைக்கும் அனுப்பியிருக்கிறார். நாள்பட்ட தூக்கமின்மைக்கு அதையே முதல் சிகிச்சையாக வைக்கணும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-லேயே சொல்லிவிட்டது. அதில் பாக்கெட்டில் போட்டு விற்க எதுவும் இல்லை, அதனால் விளம்பரமும் இல்லை.

இப்போது பழைய அளவில் பாதிக்கு வந்திருக்கிறான். சில இரவுகள் இன்னும் மோசம்தான் என்கிறான். பாக்கெட் மேசை இழுப்பறையில் பிரிக்காமல் கிடக்கிறதாம்.